நொதிக்கும் இடம் உண்டு

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் தசையின் உயிரணுக்களைக் குறித்து எழுதப் புகுந்தான் என்றறிந்த நண்பர் சிலர், “இலக்கண நூலை விட்டு இறைச்சிக் கடைக்குப் போனாயோ?” என்று நகையாடினர். நகை தக்கதே. ஆயினும் யான் எடுத்துக்கொண்ட வினா இலக்கணத்திற்கு முற்றும் புறம்பானதன்று. நம் மொழியில் ஏழாம் வேற்றுமை என ஒன்று உண்டு. அது இடத்தை உணர்த்துவது. ஒரு பொருளின் பெயரையும் தொழிலையும் அறிந்த அளவில் அப்பொருளை அறிந்துவிட்டோமா, அன்றி அது நிற்கும் இடத்தையும் அறிந்த பின்னரே அறிந்தவராவோமா என்பதே என் வினா. தசையின்கண் ஆற்றலை ஆக்கியும் மாற்றியும் செலவிட்டும் தொழிற்படும் நொதிகளைப் பொறுத்த அளவில், இடம் அறியாதான் தொழிலையும் அறியான் என்பது என் துணிபு. நம் பள்ளிப் பாடங்கள் இதனைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றன என்பது என் குறை.

யான் வளர்ந்தது வாசுதேவநல்லூரில். முன்னர்ச் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்து நெல்லை மாவட்டத்தில் விளங்கிய இவ்வூர், 2019-ஆம் ஆண்டு தொட்டுத் தென்காசி மாவட்டத்தின்பாற்பட்டது. மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் குளங்களும் வயல்களும், ஊடே இராசபாளையத்தினின்று தென்காசி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை. இத்தகைய ஊர்களிலெல்லாம் தமிழ் வழியே அறிவியல் பயிலும் மாணவர் மிகப் பலர். அவர் அனைவரும் ஒரே குரலில் மனப்பாடம் செய்யும் தொடர் ஒன்று உண்டு: ‘மைட்டோகாண்டிரியா உயிரணுவின் ஆற்றல் நிலையம்.’ ஒரு மதிப்பெண் வினாவிற்கு அது போதிய விடை. ஆனால், ‘நிலையம்’ என்னும் சொல்லே இடத்தைக் குறிப்பதாயிருந்தும், அந்நிலையம் தசையில் எங்கே நிற்கின்றது, அதனுள் எந்த நொதி எந்தச் சுவரிற் பதிந்துள்ளது, அங்கே விளைந்த ஆற்றல் செலவாகும் இடத்தை எவ்வழியே சென்று சேர்கின்றது என்று வினவுவார் அரியர். அதனால் மாணவன் மனத்தில் எழும் படம் யாது? ஒரு பை; பைக்குள் சாறு; சாற்றில் மிதக்கும் சில மணிகள்; நொதிகளோ உப்பைப்போலக் கரைந்து எங்கும் நிறைந்துள்ளன. குழம்புச் சட்டியை ஒத்த இப்படம் பிழையானது.

இப்பிழை நம் ஊரிற் பிறந்ததன்று. ‘என்ஸைம்’ என்னும் சொல்லை 1877-ஆம் ஆண்டையொட்டி ஆக்கியவர் வில்லெம் கூனே என்னும் செருமானிய உடலியலறிஞர். கிரேக்க மொழியில் ‘என்’ என்பது உள் என்றும், ‘ஸைமே’ என்பது புளித்த மா என்றும் பொருள்படும். எனவே, ‘புளித்த மாவின்கண் உள்ளது’ என்பதே அச்சொல்லின் பொருள். பெயருக்குள்ளேயே ஏழாம் வேற்றுமை அமைந்து கிடக்கின்றது! நாம் அதனை நொதி என்று தமிழாக்கியபோது நொதித்தல் வந்தது. ‘கண்’ உருபு போயிற்று. (குறை கூற இதனை எழுதினேனல்லேன், நொதி நல்ல சொல்லே.) 1897-இல் எடுவர்டு புக்னர் என்பார் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிரணு ஒன்றும் எஞ்சாத அச்சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது. உயிருள்ளவற்றில் மட்டுமே நிகழும் என்று கருதப்பட்ட வினை கண்ணாடிக் குப்பியிலும் நிகழ்ந்தது. இதற்காக அவர் 1907-இல் நோபெல் பரிசு பெற்றார். அன்று தொட்டு உயிர்வேதியியலாரின் முதற்கருவி அம்மியும் குழவியும் என்றே சொல்லலாம். ஈரலை அரைத்தனர், தசையை அரைத்தனர், பிழிந்த சாற்றினின்று நொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தனர். சர்க்கரை படிப்படியாகச் சிதையும் வழி முழுவதும் தெளிவாயிற்று. அது மாபெரும் வெற்றி, ஐயமில்லை. ஆயினும் அம்மியில் இட்டு அரைத்த ஊருக்குத் தெரு ஏது? வீட்டு எண் ஏது?

அரைத்தவருள் தலையாய ஒருவர் நம் நாட்டவர். 1895-இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் தோன்றிச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவே அவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் அவரும் சைரஸ் ஃபிஸ்கும் 1925-இல், பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் செறிவு கொண்டு கணிக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். அம்முறையால் தசைச் சாற்றை அளந்தபோது நிறம் உடனே முற்றாமல் மெல்ல மெல்லப் பெருகிற்று. வேறொருவராயின் இதனை அளவைப் பிழை என்று தள்ளியிருத்தல் கூடும். அவர்கள் தள்ளினாரல்லர். எளிதிற் சிதையும் பாஸ்பேட்டுப் பொருள் ஒன்று தசையில் உளதெனத் தேர்ந்து, 1927-இல் அது கிரியேட்டின் பாஸ்பேட்டு எனக் காட்டினர். இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதே ஆண்டில் அப்பொருளை எதிர்ப்பட்டனர். ஈராண்டு கழித்து, 1929-இல், அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்னும் பொருள் தசையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. அதனைச் செருமனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்கும் சுப்பாராவும் தனித்தனியே கண்டனர். உயிர்களின் ஆற்றல் நாணயம் என்று இன்று உலகம் போற்றுவது இதனையே. 1948-இல் மறைந்த சுப்பாராவுக்கு இந்திய அரசு 1995-இல் அஞ்சல் தலை வெளியிட்டது. நம் மாணவருள் அவர் பெயரை அறிந்தார் எத்துணையர் என்பதை யான் கேளாமல் விடுகின்றேன்.

ஈண்டு ஓர் இடையுரை. அடினோசின் டிரைபாஸ்பேட்டு ஒரு பாஸ்பேட்டை இழந்தால் அடினோசின் டைபாஸ்பேட்டு ஆகும். ஆங்கிலத்தில் மும்மூன்று எழுத்தாற் சுருக்கி இவ்விரண்டையும் வேறுபடுத்துவர். அச்சுருக்கங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். நம் டகரம் ஈரொலிக்கும் பொதுவாதலின், இரண்டும் ‘ஏடிபி’ என்றே வரும்! நிறைந்த பையும் ஒழிந்த பையும் ஒரே பெயர் பெறும் இவ்விடரைத் தவிர்க்க, முன்னதை முப்பாஸ்பேட்டு என்றும் பின்னதை இருபாஸ்பேட்டு என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன்.

சுப்பாராவும் அவர் காலத்தாரும் கண்டது ‘எது’ என்பதை, ‘எங்கே’ என்பதையன்று. ‘எங்கே’ என்பதற்கு விடை வேறு வகையினர் கருவிகளினின்று வந்தது. கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் என்பார் உயிருள்ள அந்துப்பூச்சி ஒன்றின் பறக்கும் தசையை அரையாமல், நிறமாலைக் கருவியின் கீழ் வைத்து நோக்கினார். பூச்சி சிறகை அசைக்குந்தோறும், மூச்சுக் காற்றைக் கையாளும் சைட்டோகுரோம் என்னும் நிறப்பொருளின் கோடுகள் மாறி மாறித் தோன்றக் கண்டார். 1925-இல் அதனை வெளியிட்டார். அரையாமற் பார்த்தலின் அருமையை உணர்த்திய முதல் நிகழ்ச்சிகளுள் இஃதொன்று. அடுத்து, 1939-இல் எங்கல்ஹார்ட்டும் லியூபிமோவாவும் என்ற உருசிய அறிஞர் இருவர் வியப்பான செய்தி ஒன்றைத் தெரிவித்தனர். முப்பாஸ்பேட்டை உடைக்கும் நொதி தசையில் எங்கே உள்ளது என்று தேடியோர்க்கு, தசையைச் சுருக்கும் மையோசினே அந்நொதி என்பதே அவர்கள் தந்த விடை. மையோசின் என்று அப்புரதத்திற்குப் பெயரிட்டவரும், என்ஸைம் என்னும் பெயரை ஆக்கிய கூனேயே! தாம் இட்ட பெயர்கள் இரண்டும் ஒரு பொருளையே சுட்டும் என்பதை 1900-இல் மறைந்த அவர் அறியார்.

இனித் தசையினுள் நுழைவோம். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்குவோர் அறிவர்: நெஞ்சுக் கறி வெளுத்தும் தொடைக் கறி சிவந்து கருத்தும் இருக்கும். கோழி நாளெல்லாம் நடந்து திரிவது; பறத்தலோ நாய் துரத்தும் நொடிக்கு மட்டும். நெஞ்சுத் தசை காற்றை எதிர்பாராமல், சேர்த்துவைத்த சர்க்கரையை விரைந்து சிதைத்து ஒரு வீச்சிற் செயற்படும். தொடைத் தசையில் மைட்டோகாண்டிரியாவும், காற்றைத் தாங்கும் செந்நிறப் புரதமும் மிகுதி. நெடுந்தொலை பறக்கும் புறாவுக்கோ நெஞ்சுத் தசையே கருஞ்சிவப்பு. ஆக, ஓர் உடலுக்குள்ளேயே நொதிகள் இடத்திற்கேற்பப் பங்கிடப்பட்டுள்ளமை கறிக்கடையிலேயே காணத்தக்கது. யான் கூற வந்தது இதனினும் நுண்ணிய பங்கீடு.

தசையிழை ஒன்றனுள் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நுண்ணிழையும், மூங்கிலிற் கணுக்கள் போலக் குறுக்குக் கோடுகளாற் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 400 பகுதிகள் அடங்கும். ஒவ்வொரு பகுதியின் இரு எல்லையிலும் உள்ள கோட்டை நூலோர் ‘இசட்’ என்றும், நடுவிலுள்ளதனை ‘எம்’ என்றும் எழுத்தாற் குறிப்பர். இவை வெற்றெழுத்துக்களல்ல, இடை, நடு என்று பொருள்படும் செருமானியச் சொற்களின் முதலெழுத்துக்கள். ஆதலால் இடைக்கோடு, நடுக்கோடு என்றே எழுதுவேன். மையோசினாலாகிய தடித்த இழைகள் நடுக்கோட்டிற் பிணைந்து நிற்கின்றன. ஆக்டினாலாகிய மெல்லிழைகள் இடைக்கோட்டினின்று உள்நோக்கி நீள்கின்றன. ஒன்று மற்றொன்றனுள் வழுக்கிச் செல்லுதலே தசை சுருங்குதல். மைட்டோகாண்டிரியாக்களோ சில இழையின் புறத்தோலை ஒட்டிக் குருதிக்குழாய்களின் அருகிலும், ஏனைய நுண்ணிழைகளின் இடையிடையே கோடுகளின் வரிசைக்கேற்பவும் நிற்கின்றன. இவை மிதந்து திரிவன அல்ல.

ஆற்றல் மைட்டோகாண்டிரியாவில் விளைகின்றது, மையோசினிற் செலவாகின்றது. இடையே தூரம் சிறிதெனினும் உண்டு. தசையிலுள்ள முப்பாஸ்பேட்டு, முழு வலியோடு உழைத்தால் ஓரிரு வினாடிகளுக்கே போதுவது. செலவான உடனே அது அவ்விடத்திலேயே மீண்டும் ஆக்கப்படல் வேண்டும். அவ்வேலையைச் செய்யும் நொதி கிரியேட்டின் கைனேஸ். சுப்பாராவ் கண்ட கிரியேட்டின் பாஸ்பேட்டினின்று பாஸ்பேட்டை எடுத்து, இருபாஸ்பேட்டிற்கு ஈந்து, அதனை முப்பாஸ்பேட்டாக்குவது. இந்நொதி எங்கே உள்ளது? சாற்றில் கரைந்துள்ளது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1973-இல் சூரிச் நகரத்து டர்னர், வாலிமான், எப்பென்பெர்கர் ஆகியோர், நடுக்கோட்டில் இறுகப் பற்றியிருக்கும் புரதம் ஒன்று கிரியேட்டின் கைனேஸே என்று காட்டினர். முப்பாஸ்பேட்டு செலவாகும் மையோசின் இழைகளின் நட்டநடுவில் அதனை ஆக்கும் நொதி அமர்ந்திருக்கின்றது! கிரியேட்டின் பாஸ்பேட்டு அறியப்பட்டு 46 ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்விடம் தெரிந்தது. அந்நொதியின் உறவாகிய மற்றொரு வகை, மைட்டோகாண்டிரியாவின் இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியில் உள்ளது. அங்கே விளையும் முப்பாஸ்பேட்டினின்று பாஸ்பேட்டைப் பெற்றுக் கிரியேட்டினில் ஏற்றி அனுப்புவது அதன் தொழில். ஒரே வினை, ஓரிடத்தில் ஏற்றுதல், மற்றோரிடத்தில் இறக்குதல். இடத்தை நீக்கிவிட்டால் இவ்விரண்டு நொதிகளும் ஒன்றன் வேலையை மற்றொன்று அழிப்பனவாகவே தோன்றும்.

எங்கள் ஊர்க் கோட்டையை 1767-இல் கர்னல் காம்பெல் என்பாரின் படை பீரங்கிகளோடு முற்றுகையிட்ட வரலாற்றைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோட்டைப் போரில் வெடிமருந்து கிடங்கில் நிறைந்து கிடந்து பயனில்லை. மதில் உடையும் முனையில் நிற்பவன் கைக்கு அஃது எட்டவேண்டும். ஒழிந்த பை கிடங்கிற்குத் திரும்பவும் வேண்டும். கிரியேட்டின் பாஸ்பேட்டு முனைக்குச் செல்லும் நிறைந்த பை. கிரியேட்டின் திரும்பும் ஒழிந்த பை.

மைட்டோகாண்டிரியாவின் உள்ளே இடத்தின் ஆட்சி இன்னும் கடியது. அதன் உட்சவ்வில் வரிசையாகப் பதிந்த நொதிகள், உணவினின்று வந்த ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களை ஒரு புறத்தினின்று மறுபுறத்திற்கு இறைக்கின்றன. ஏறிய புரோட்டான்கள் மீண்டும் இறங்கும் வழியில், அதே சவ்விற் பதிந்த வேறொரு நொதி சுழன்று முப்பாஸ்பேட்டை ஆக்குகின்றது. இக்கருத்தை 1961-இல் பீட்டர் மிட்செல் வெளியிட்டபோது பலர் ஏற்றிலர். 1978-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். எங்கள் பக்கத்துக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரை உண்டு, கரையில் மடை உண்டு. கரைக்கு உள்ளும் புறமும் நீர்மட்டம் வேறுபடுதலின் மடை வழியே நீர் பாய்கின்றது. மடைக் கல்லைப் பெயர்த்து வயல் நடுவே வைத்தால் கல் கல்லாகவே இருக்கும், மடையாகாது. கரை உடைந்தாலோ, நீர் ஓடும், ஆனால் வாய்க்காலுக்கு வராது. அவ்வாறே உட்சவ்வு கிழிந்தால் காற்றும் உணவும் எரிந்துகொண்டிருக்கும், முப்பாஸ்பேட்டு விளையாது. நொதிகள் ஒன்றேனும் குறையவில்லை. கரைதான் இல்லை.

இங்கே அறிவியல் பயிலும் நண்பர் ஒருவர் எழுப்பிய மறுப்பைக் கூறாமற் போதல் நேர்மையன்று. “சவ்வின் செய்தியை ஒப்புகிறேன். ஆனால், சவ்வுக்கு வெளியே, மைக்ரோமீட்டர் அளவினதாகிய வெளியில், சிறு மூலக்கூறு சில மில்லிவினாடிகளில் எங்கும் பரவிவிடுமே. நொதி இங்கிருந்தால் என்ன, அங்கிருந்தால் என்ன?” என்றார் அவர். வலிய மறுப்பு. இதற்கு முதல் விடை கணக்கில் உள்ளது. ஓய்ந்திருக்கும் தசையில் தனித்துலவும் இருபாஸ்பேட்டு, முப்பாஸ்பேட்டின் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. பரவுதலின் வேகம் அளவின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்தது. உள்ளதே சிறிதாயின் ஏற்றத்தாழ்வு எவ்வாறு பெரிதாகும்? எனவே, செய்தியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பணிக்கு அது தனித்து நிற்றல் கடினம். மேலும், மையோசினின் அருகில் அது தேங்கினால் சுருங்குந் தொழிலே தளரும். ஆயினும் கணக்கு எதிர்க்கணக்கிற்கு இடந்தரும். இரண்டாம் விடையோ ஒரு சிற்றுயிர் தந்தது.

பழுத்த வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் பழ ஈயை நாம் அறிவோம். அது வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை சிறகடிப்பது. அதன் பறக்கும் தசையில், சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் பல, சாற்றிற் பரவாமல் இடைக்கோட்டிலும் நடுக்கோட்டிலும் வரிசையாக அமர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று கிளிசரால் பாஸ்பேட்டு டிஹைட்ரஜனேஸ். ஈயின் வெவ்வேறு உறுப்புக்களில் இந்நொதி சிறிது வேறுபட்ட வடிவங்களில் உள்ளது. பறக்கும் தசையிலுள்ள வடிவத்தின் வாலில் மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக உண்டு. வேறொரு வடிவத்தில் அம்மூன்றும் இல்லை. வினை செய்யும் ஆற்றலில் குறைவில்லை. ஆய்வாளர் என் செய்தனர்? தன் நொதியை இழந்த ஈக்களின் மரபணுவில் மாற்றம் செய்து, வால் குறைந்த வடிவத்தைப் பறக்கும் தசையில் தோன்றச் செய்தனர். அந்நொதி கோடுகளிற் சென்று அமரவில்லை. சாற்றில் பரவிக் கிடந்தது. அதனோடு அமரவேண்டிய ஆல்டொலேஸ் முதலிய துணை நொதிகளும் இடம் பெயர்ந்து பரவின. தசையை அரைத்து அளந்தால் எல்லா நொதிகளும் உள்ளன. எல்லாம் வேலையும் செய்கின்றன. புக்னரின் அம்மிக்கு இவ்விரு வகை ஈக்களும் ஒன்றே. ஆனால், அந்த ஈக்கள் பறக்கவில்லை. 1997-இல் வெளியான ஆய்வு இது. ‘எது’, ‘எவ்வளவு’ என்னும் வினாக்களுக்கெல்லாம் செவ்விய விடை கூறிவிட்டும், ஈ தரையில் நடந்துகொண்டிருந்தது. இதனைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் நண்பர்கள் மிகை என்பர், மிகையன்று.

மூன்று அமினோ அமிலங்களைக் கொண்ட அவ்வாலை என்னென்று சொல்வது? தொழில் செய்வது நொதியின் உடல். தொழில் செய்யுமிடத்தைக் காட்டுவது வால். எங்கள் பாடத்தில் ‘பெயர்’ப்பகுதிக்குப் பின் ஒட்டும் ஏழாம் வேற்றுமையுருபு எத்தன்மைத்தோ அத்தன்மைத்து என்பேன். உவமை சிறிது இழுக்கப்பட்டதாகத் தோன்றின் பொறுத்தருள்க.

இடமே எல்லாம் என்று யான் வாதிக்கவில்லை. 1993-இல் வெளியான வேறோர் ஆய்வில், நடுக்கோட்டில் அமரும் கிரியேட்டின் கைனேஸ் அறவே இல்லாத எலிகளை ஆக்கினர். எலிகள் மாண்டுபோகவில்லை; நடந்தன; ஓடின. திடீரென ஒரு வீச்சில் வலிமையைக் காட்டுந்திறம் மட்டும் அவற்றின் தசைக்கு இல்லாமற் போயிற்று. உடல் மாற்று வழியும் தேடிக்கொண்டது: நுண்ணிழைகளின் இடையே மைட்டோகாண்டிரியா பெருகிற்று. முனைக்குப் பை தூக்குவான் இல்லையெனின் கிடங்கையே முனைக்கு அருகிற் கொண்டுவந்தாற் போன்றது இது. சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகளும் நம் போன்ற பாலூட்டிகளின் தசையில் பழ ஈயினிற்போல அத்துணை இறுக அமர்ந்தனவாகத் தெரியவில்லை. பற்றியும் விட்டும் நிற்பனவாகவே பலர் கூறுவர். ஆகவே, சாறு என்பதே இல்லை என்பாரும் தவறுவர். எல்லாம் சாறே என்பாரும் தவறுவர். பின்னவர் தொகை மிகுதியாதலின் அவரோடு யான் வழக்காடுகிறேன்.

இது நுண்ணோக்கிக்காரரின் வீண் வாதம் அன்றோ என்பார்க்கு ஒன்று சொல்வேன். எங்கள் ஊரில் ஒருவர்க்கு நெஞ்சு வலித்தால் தென்காசிக்கோ நெல்லைக்கோ விரைந்து கொண்டுசெல்வர். அங்கே குருதி எடுத்துச் சோதிப்பர். நெடுங்காலம் இதயத் தசைக்குரிய கிரியேட்டின் கைனேஸ் வகையின் அளவைக் கொண்டே மாரடைப்பைத் துணிந்தனர். இன்று தசையின் மெல்லிழையிற் பிணைந்திருக்கும் டிரோபோனின் என்னும் புரதத்தை அளப்பதே பெருவழக்கு. கிரியேட்டின் கைனேஸைச் சோதிக்கும் முறையை நோக்குங்கள். குருதி நீரில் அந்நொதி எவ்வளவு வேலை செய்கின்றது என்பதையே அளக்கின்றனர். வேலை குறையவில்லை, நன்றாகவே செய்கின்றது. இதயத்தின் உள்ளே அதே வேலை உயிர். குழாயில் ஓடும் குருதியில் அவ்வேலை, தசை சிதைந்தது என்பதற்குச் சான்று. ஒரே நொதி, ஒரே வினை. மருத்துவர் முகம் மாறுவது இடத்தைக் கண்டு. வீட்டிலுள்ளோர் கையில் அவ்வறிக்கைத் தாளைக் கொடுக்கும்போது, தமிழ் வழியிற் படித்த அவர் பிள்ளை அதன் பொருளை உணர்ந்து விளக்கக்கூடுமாயின், அப்படிப்பு படிப்பு. ‘ஆற்றல் நிலையம்’ என்னும் விடை அங்கே உதவாது.

குறை எங்கிருந்து வந்தது? நாம் பெயரிலே நெடுங்காலம் நின்றுவிட்டோம் என்று கருதுகிறேன். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார்; உடற்கூற்றை அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலைச் சுகரணம் என்றும் வழங்கி நூல்களும் வெளியிட்டார். 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்குச் சங்கமும் இதழும் கண்டனர். இவர்க்கெல்லாம் நாம் பெருங்கடன்பட்டுள்ளோம். ஆனால், அதன்பின் வந்த நூற்றாண்டு முழுதும் வடசொல்லா, தனித்தமிழா, பிறமொழி ஒலிபெயர்ப்பா என்னும் பூசலிலேயே பெரும்பொழுது கழிந்தது. மைட்டோகாண்டிரியா என்பதா, இழைமணி என்பதா என்று இன்றும் சொற்போர் நிகழக் காண்கிறேன். 1898-இல் கார்ல் பெண்டா என்பார் கிரேக்கத்து நூலையும் மணியையும் இணைத்தே அப்பெயரை இட்டார்; இழைமணி அதன் நேர்பெயர்ப்பு. இரண்டில் எதனை வழங்கினும் எனக்கு உவப்பே. எதனை வழங்கினும் அது எங்கே இருக்கின்றது என்பது அப்பெயரால் விளங்காது. தமிழாசிரியர் சொல்லைத் தந்து விலகினர். அறிவியலாசிரியர் சொல்லைப் பெற்று மனப்பாடஞ் செய்வித்தனர். இடையில் ‘எங்கே’ என்னும் வினா இருவர்க்கும் உரியதன்றாயிற்று.

இவ்வினா தமிழ் மாணவர்க்கு அயலானதா? பாட்டின் பொருளை ஆராயப் புகுந்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மாவும் புள்ளும் மரமும் தொழிலும் கருப்பொருளாய் அதன்பின் வந்தன. தொழில் நிலத்தைத் தொடர்ந்தது. நெய்தல் நிலத்தே உழவைப் பாடினால் திணை மயக்கம் என்று நாம் ஆராய்கிறோமே. அந்த நுண்ணுணர்வோடு ஒருவர் தசையைப் பற்றித் தமிழில் எழுதினால், நடுக்கோட்டுக்கு உரிய நொதியைச் சாற்றில் மிதக்க விடுவாரா?

யான் வேண்டுவன பெரியனவல்ல. மேல்நிலைப் பள்ளி விலங்கியற் பாடத்தில், நொதிகளின் பட்டியலுக்கு முன்னே தசைப் பகுதி ஒன்றன் படத்தை இட்டு, ஒவ்வொரு நொதியின் பெயரையும் அதனதன் இடத்தில் எழுதுக. வினாத்தாளில் ‘யாது’ என்பதோடு, ‘எங்கே, ஏன் அங்கே’ என்றும் ஒரு வினா இருக்கட்டும். பழ ஈயின் ஆய்வைப் பத்து வரியிற் சொல்லலாம். எந்தக் கிராமத்துப் பள்ளி மாணவனும் அதனை மறவான். நம் கல்லூரியிலோ, தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஒரே மரத்தின் நிழலில் எதிரெதிரே இருந்தும், ஒருவர் நூலை மற்றவர் தொட்டுப் பார்ப்பது அரிது.

அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு முழுப் பக்கப் படம் வரைந்து தர விலங்கியல் மாணவர் எவரேனும் இசைவாராயின், பெயர்களைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை யான் ஏற்கிறேன். இடைக்கோடு, நடுக்கோடு என்பவற்றினும் நல்ல பெயர் தெரிந்தோர் அதற்குள் சொல்வாராக.